வெள்ளிக்கிழமை காணாமல்போன தீவு

"சாவி புதையல் தீவுல இருக்கு!" என்றான் நான்கு வயது பூவரசு.

அந்தத் தீவுதான் இப்போது இல்லையே! வெள்ளிக்கிழமை என்று விடிந்ததுமே வீட்டைக் கழுவித் தள்ளிவிட்டாள் அக்கா மாரிச்செல்வி. நீலப் போர்வைக் கடல் மாடிக் கொடியில் தொங்கியது. நாற்காலி மலைகள் மூலைக்குப் போயிருந்தன. தம்பி விளையாட அவளும் பக்கத்து வீட்டு நூர்ஜஹானும் நேற்று மாலை முழுக்கப் பாடுபட்டுக் கட்டிய தீவு!

வாசலில் அம்மா கோமதியின் சரக்கு ஆட்டோ சாவியில்லாமல் நின்றது. உள்ளே கல்யாண மாலைகள். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. மணி எட்டரை ஆகிவிட்டது. மாற்றுச் சாவியோ போன மாதமே தொலைந்துவிட்டது.

"ஏல, எங்கல வச்ச?" அம்மா கத்தினாள்.

"முதலை வாய்க்குள்ள."

"எந்த முதலை?"

"தீவு இல்லாம எப்படிக் காட்டுறது?" பூவரசு உதட்டைப் பிதுக்கினான்.

அரிசி டப்பா, பீரோவின் அடி, தலையணை உறை, எல்லாவற்றையும் கவிழ்த்தாகிவிட்டது. மாரிச்செல்விக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதலை என்று ஒன்றை அவர்கள் செய்யவே இல்லையே!

"தேடுனது போதும்டி! தீவைத் திரும்பக் கட்டுவோம்!" என்றாள் கூடவே தேடிக்கொண்டிருந்த நூர்ஜஹான்.

மாடிக்கு ஓடினார்கள். ஈரப் போர்வையை இழுத்து வந்து விரித்தார்கள். நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

"மலை அங்க இல்ல!"

நகர்த்தினார்கள்.

"அங்கயும் இல்ல!"

மணி எட்டு நாற்பத்தைந்து. நாற்காலியைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது மாரிச்செல்விக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சாண் தள்ளினாள். ஒருவழியாகத் தலையாட்டினான் பூவரசு. துணிக்கூடைப் படகில் ஏறி உட்கார்ந்தவன், அடுத்த கணமே அலறினான்.

"அம்மா கடல்ல நிக்கா! முங்கிருவா!"

"என் உசுர வாங்காதல!" தலையில் அடித்துக்கொண்டாள் கோமதி. வேறு வழி? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடைக்குப் பின்னால் மண்டியிட்டு, நீந்துகிறவள்போலப் படகைத் தள்ளினாள். மலையைத் தாண்டி வளைந்ததும் சட்டென்று நின்றாள்.

"ஆத்தாடி! முதலை!"

தரையோடு தரையாகத் தவழ்ந்தால்தான் அது தெரியும். எதிரே தையல் மிஷினின் இரும்பு மிதி, வரிசை வரிசையான பற்களோடு வாயைப் பிளந்திருந்தது! அதற்கடியில் கை விட்டாள். ஒரு பிடி தூசியோடு சாவி வந்தது.

"இதான் நீ வீடு கழுவுன லட்சணமாட்டி?" மகளை முறைத்துக்கொண்டே வாசலுக்குப் பறந்தாள்.

தாலி கட்டக் கால் மணி நேரம் இருக்கும்போது மாலைகள் மண்டபத்தில் இறங்கின!

பதினோரு மணிக்குக் கோமதி திரும்பி வந்தாள். தீவு அப்படியே இருந்தது.

"கலைக்கலையாட்டி?"

"இனிமே இவன்ட்ட கேக்காம கலைக்க மாட்டேம்மா" என்றாள் மாரிச்செல்வி.

கோமதிக்கு நல்ல தாகம். தண்ணீர்ப் பானை அடுப்படியில் இருந்தது. நடுவில் கடல். போர்வையை மிதிக்கத் தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கரையிலேயே நின்று குரல் கொடுத்தாள்.

"ஏல பூவரசு! படகக் கொண்டால!"