மூன்று தட்டு

முந்தின நாள் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் காருக்குப் பின்னால் இழுத்து வந்த வீட்டு ட்ரெய்லரின் கதவோரக் கொக்கியில் அவள் மாட்டியிருந்த மஞ்சள் மழைக்கோட்டு காலையில் தெப்பலாக நனைந்திருந்தது. கீழே தேங்கிய தண்ணீரில் பாசி நாற்றம்.

"என் கோட்டை யாருடி எடுத்தது?"

தங்கை போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "நானில்லக்கா. இப்பதான் முழிக்கிறேன்."

வெளியே காரின் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். "நீதானே விடியக்காலைல அதைப் போட்டுக்கிட்டு பள்ளத்தோரமா நின்னே? கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. அப்படி என்ன கோபம்?"

அவள் அப்போது அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆக, நின்றவள் தங்கை. மூடி மறைக்கிறவர் இவர்.

தங்கையை இந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டதே அவள்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அத்தான் சொல்லும் அரதப் பழசான ஜோக்குக்கெல்லாம் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டில் உம்மென்றிருக்கும் மனுஷன் இங்கே விசிலடிக்கிறார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது பின்புறம் நின்று தட்டுவது அவளுடைய வேலை. மூன்று தட்டு தட்டினால் வா, இரண்டு தட்டினால் நில். கண்ணாடியைக்கூட நம்பமாட்டார், அவள் கையை நம்புவார். அவர்கள் இருவருக்கு மட்டுமேயான அந்தப் பாஷையை நேற்று அவர் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கோட்டைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு மூவரும் அருவிக்கு ஏறினார்கள். அவர்கள் இருவரும் பேச்சும் சிரிப்புமாக முன்னால் போக, அவள் வேண்டுமென்றே பின்தங்கினாள். அழுகிய இலைகளின் வாசனையும் பாறை இடுக்கில் நீர் கசியும் சத்தமும் தவிர அந்தப் பாதையில் வேறெதுவும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் முதுகுக்குப் பின்னால், ஈரத் துணி ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி சரக், சரக் என்று கேட்டது. நின்றாள். அதுவும் நின்றது. திரும்பினால் யாரும் இல்லை.

உச்சியில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கீழே தீப்பெட்டி அளவில் ட்ரெய்லர். அதன் பக்கத்தில் மஞ்சளாக ஒருத்தி.

தங்கை தோளை உரசிக்கொண்டு நின்றாள். கணவர் அந்தப் பக்கம். கீழே நிற்பது தங்கையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவள் முதன்முறையாக ஏங்கினாள்.

மஞ்சள் உருவம் கையைத் தூக்கியது. தகரச் சத்தம் சற்றுத் தாமதமாக மேலேறி வந்தது. மூன்று தட்டு.

"அட, உன்ன மாதிரியே தட்டறாங்களே!" என்றார் அவர்.

இறங்கும்போது தங்கை வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவர் தங்கையைத் தூக்கிக்கொண்டார். தங்கையின் கை அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுடைய பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பழைய எரிச்சல்தான் மிச்சம்.

கீழே பனி இறங்கியிருந்தது. கொக்கியில் கோட்டு இல்லை. தங்கையைப் பின்சீட்டில் கால்நீட்டிப் படுக்கவைத்துவிட்டு அவர் சொன்னார், "நீ ஏறு. இந்தப் பனியில தட்ட வேணாம். நானே பாத்துத் திருப்பிக்கறேன்."

"ஏன், இவ கத்துக்கிட்டான்னு இனிமே நான் வேணாமா? அது என் வேலை. நான்தான் தட்டுவேன்."

"அக்கா, நான் என்ன பண்ணேன்?" தங்கை அழுதுவிட்டாள். அவள் காதில் வாங்காமல் பின்னால் போனாள்.

வெள்ளைத் தகரம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பள்ளம். மூன்று தட்டினாள். வண்டி மெல்லப் பின்னால் வந்தது. இன்னும் கொஞ்சம். போதும். இரண்டு தட்டினாள்.

மறுபக்க மூலையில் மூன்று தட்டு. ஈரக் கை.

வண்டி நிற்கவில்லை.

இரண்டு தட்டினாள். அங்கே மூன்று. கத்தினாள். குரல் வரவில்லை. குதிகாலுக்கடியில் மண் சரிந்தது. பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தாள்.

மறுபக்கத்தில் இரண்டு தட்டு. வண்டி நின்றது.

பாசி நாற்றம் அவளைத் தாண்டிப் போயிற்று. சரக். சரக். காரின் முன்கதவு திறந்தது. மூடியது.

"அப்பாடா, இப்பவாவது சிரிச்சியே," என்றார் அவர்.

"கோபம் போயிடுச்சாக்கா?" தங்கையின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

எழுந்து ஓடினாள். தகரத்தில் ஓங்கித் தட்டினாள். இரண்டு. இரண்டு. உள்ளங்கை வலித்தது. சத்தம் மட்டும் எழவில்லை.

கார் நகர்ந்தது. முன் ஜன்னலிலிருந்து ஒரு மஞ்சள் கை வெளியே வந்தது. விரலில் அவளுடைய கல்யாண மோதிரம். அவள் தன் கையைப் பார்த்தாள். வெறும் விரல், நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்தக் கை கார்க் கதவை மூன்று தட்டு தட்டியது. பக்கக் கண்ணாடியில் அவள் முகமே அவளைப் பார்த்துச் சிரித்தபடி, வாயோரம் பாசி வழிய, பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.