தட்டாத கதவு

கூட்டம் போட்ட அன்றைக்கு இருபது பேர் வந்தார்கள். மலைச்சரிவு வந்தால் ஊரே சேர்ந்து ஆட்களை இறக்குவோம் என்று கைதட்டிவிட்டு, ஆளுக்கொரு மழைக்கோட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்று சைரன் அடித்து அரை மணி நேரம். மேல் வரிசை வீடுகளுக்கு ஏறி வந்தவன் நான் ஒருவன்தான். வேன் ஓட்டுகிறவன் என்றால் இளிச்சவாயன் என்று நினைப்பு.

மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. ஈர மண் வாடை. மேலே எங்கோ கற்கள் உருளும் சத்தம்.

"போன வாரமும் இப்படித்தான் அடிச்சாங்க" என்றார் ஒருத்தர். "செல்லு சார்ஜ் ஏறட்டும், வந்துடறேன்" என்றார் இன்னொருத்தர். தலையில் அடித்துக்கொண்டேன். கெஞ்சிக் கூத்தாடி முதல் ஒன்பது வீட்டு ஆட்களையும் கீழே அனுப்பினேன்.

எங்கள் முறை இதுதான்: கதவைத் தட்டி, ஆளை இறக்கி, காலியான வீட்டுக் கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். குறி இருந்தால் அந்த வீட்டை மறுபடி பார்க்க வேண்டாம். போன வருடச் சரிவில் தையல்காரம்மா வீட்டில் பூட்டு தொங்கியது. தட்டாமலே குறி போட்டுவிட்டு ஓடினேன். வேலைக்குப் போகிறவர்கள், நோயாளியை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவது எங்கள் வரிசையில் வழக்கம். எனக்கும் தெரியும். தெரிந்தும் தட்டவில்லை. அந்த அம்மாவை மூன்றாம் நாள்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள்.

பத்தாவது வீடு என் தங்கையுடையது.

கதவில் பூட்டு. அதற்கு மேல், வெள்ளையாக, பெருக்கல் குறி.

அப்பாடா, யாரோ கூட்டிப் போய்விட்டார்கள் என்று திரும்பினேன்.

யார்? ஏறியதே நான் ஒருவன்தானே?

டக்.

உள்ளிருந்து.

டக். டக்.

கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தேன். கதவருகே யாரும் இல்லை. சேற்றுக் கால்தடங்கள் மட்டும் உள்அறை வரைக்கும் போயின. அங்கே தங்கை காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள்.

"பூட்டிட்டா போனான் உன் புருஷன்? அறிவிருக்கா அவனுக்கு?"

"மெதுவா பேசுண்ணே," கிசுகிசுத்தாள். "அவங்க கோவமா இருக்காங்க."

"யாரு?"

அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடினேன். வேன் இரண்டாம் வளைவைத் தாண்டும்போது, முதுகுக்குப் பின்னால் மேல் வரிசை மொத்தமும் இடிந்து இறங்கியது. பாவி மனுஷன்கள், இன்னும் ஒருத்தன் கூட வந்திருந்தால் என்ன என்று அழுகையாக வந்தது.

"நல்லவேளை, நீ கதவைத் தட்டினே" என்றேன்.

"நானா? என்னால எந்திரிக்கவே முடியலையே."

கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"காலை நீட்டிப் படும்மா. வண்டி காலியாத்தானே இருக்கு?"

"எடமில்லண்ணே."

அவளுக்குப் பக்கத்தில் சீட்டு அமுங்கியிருந்தது. அதன் விளிம்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு ஏன் தட்டலன்னு கேக்குறாங்க," என்றாள் தங்கை. "எத்தன வாட்டிதான் கேப்பாங்க? பதில் சொல்லேண்ணே."