தானாக நின்ற இஞ்சின்

"எங்கூட்டுக்காரரு செத்ததுக்கப்பறமும் அந்த ஏரோப்ளேன் பறந்துட்டே இருந்துச்சுங்க. என்ற கண்ணு முன்னாலதான் இஞ்சின் நின்னு கீழ விழுந்துச்சு. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாள் இதைச் சொன்னபோது, வாசற்படியில் நின்றிருந்த ராசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோகனூர் மயில்சாமியின் மனைவி சௌந்திரம் அல்லவா இது? ஒரு வாரமாக அவன் கோயம்புத்தூரில் பிக்சர் டியூப் வாங்க அலைந்துவிட்டு அன்று காலையில்தான் நாமக்கல் திரும்பியிருந்தான்.

"மயில்சாமியண்ணனா? எப்பங்க?" என்றான்.

"வெசாழக்கெழமை. நாலு நாளாச்சு" என்றார் சௌந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். அவர் அவளுடைய அண்ணன் கருப்பண்ணன். நாலு லாரி வைத்து ஓட்டுகிறவர். மோகனூர் வட்டாரத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

ராசு நாமக்கல் கடைவீதியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சேலம் போலீஸில் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வீரபாகு, கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துத் துப்பறியும் தொழில் நடத்திவந்தார். மேலே யாராவது படியேறினால் ராசுவுக்குக் கீழே வேலை ஓடாது. முப்பத்திரண்டு வயதிலும் அந்த ஆர்வம் அவனை விடவில்லை. ஆனால் இன்று வந்த செய்தி வேறு மாதிரியானது. எட்டு மாதத்துக்கு முன்பு, சிங்கப்பூரிலிருந்து வந்த வீட்டுக் கம்ப்யூட்டரை மயில்சாமியின் டி.வி.யோடு இணைத்துக் கொடுத்தவனே அவன்தான். கண்ணாடி போட்டவர் என்று விமானப்படையில் கழித்துவிடப்பட்ட மயில்சாமி, கேசட்டிலிருந்து ஏற்றும் அந்தப் பறக்கும் விளையாட்டில் முதல்முறை ஓடுபாதையை விட்டு எழும்பியபோது, நாற்பத்திரண்டு வயதில் குழந்தை மாதிரிக் கைதட்டியதை ராசு நேரில் பார்த்திருக்கிறான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார் வீரபாகு.

சௌந்திரம் சொன்னாள். அன்று அவள் காலையிலேயே பரமத்திக்கு ஒரு சீர் விசேஷத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது சர்க்கரை ஆலையின் ஐந்து மணிச் சங்கு ஊதியது. அறைக்குள் இஞ்சின் சத்தம் கேட்டது. கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தொட்டால் உடம்பு சில்லிட்டிருந்தது. அவள் அலறிக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், டி.வி.யில் இஞ்சின் சத்தம் பட்டென்று நின்றது. விமானம் மூக்கைக் கவிழ்த்துத் தரையில் போய் விழுந்தது.

"அவிய உசுரு அப்பத்தான் போச்சுன்னு நெனச்சேனுங்க" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஜைமேல் மோர் குடித்த காலி டம்ளர். அதில் விஷம். வேலைக்காரி சின்னாயியைப் போலீஸ் கைது செய்திருந்தது. சாவுக்கு இரண்டு நாளைக்கு முன் அறையைக் கூட்டும்போது சின்னாயி தெரியாமல் பிளக்கைப் பிடுங்கிவிட, பறந்துகொண்டிருந்த விமானம் மறைந்துபோய், மயில்சாமி அவளைச் சத்தம் போட்டிருந்தாராம். அதுதான் காரணம் என்றார்கள்.

"சின்னாயி பதினஞ்சு வருசமா எங்கூட்ல இருக்கறவ. அவ செய்ய மாட்டாளுங்க. அவளக் காப்பாத்தித் தரோணும்."

"சின்னாயி என்ன சொல்றா?"

"ரெண்டரை மணிக்கே மோர் கொண்டாந்து வெச்சேங்கறா. நாலு மணிக்கு மறுக்கா எட்டிப் பாத்தாளாம். அவிய நாற்காலி முதுகுதான் தெரிஞ்சுது, ஏரோப்ளேன் பறந்துட்டிருந்துச்சு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு திரும்பிட்டேங்கறா."

கருப்பண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நாஞ் சொல்றேனுங்க. அன்னிக்கி மத்தியானத்திலிருந்து நானும் அங்க இருந்தேன். மூணே முக்காலுக்கு நான் கெளம்பறப்பத்தான் மாப்ள ஏரோப்ளேனைத் தரையிலிருந்து கெளப்புனாரு. மேஜையில டம்ளரே கெடையாது. நான் அங்கிருந்து நேரா நாமக்கல்லு கல்யாண மண்டபத்துக்குப் போயிட்டேன். தங்கச்சி மனசு ஆறட்டும்னுதான் இங்க கூட்டியாந்தேன்."

எதிர்க்காட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களும் போலீஸிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். மூன்றே முக்காலுக்குக் கருப்பண்ணனின் கார் போனது. நாலு மணிக்குச் சின்னாயி மாடிப்படி ஏறினாள். நடுவில் வேறு யாரும் மேலே போகவில்லை.

"உங்க கணவருக்கு ஏதாவது மனக்கவலை இருந்துதா?"

"இல்லீங்க. திங்கக்கெழமை கோர்ட்டுக்குப் போவோணும்னு வேட்டிகூடத் தேச்சு வெச்சிருந்தாரு."

"ஏதோ ஒரு லாரி கேசுங்க. சும்மா சாட்சி" என்றார் கருப்பண்ணன்.

மறுநாள் காலையில் வீரபாகுவும் ராசுவும் மோகனூருக்குப் போனார்கள். மாடியறையில் எல்லாம் இருந்தபடியே இருந்தது: உயரமான முதுகுள்ள நாற்காலி, டி.வி., கம்ப்யூட்டர், டேப் ரிக்கார்டர். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு முறை பறந்ததையும் மயில்சாமி அதில் எழுதியிருந்தார். தேதி, எழும்பிய நேரம், இறங்கிய நேரம். இருநூற்றுப் பதின்மூன்று பறத்தல்கள். வீரபாகு ஒன்றைக்கூட விடாமல் படித்தார்.

"ஒரு தடவைகூட ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கல. கடைசிப் பக்கம் புதன்கிழமையோட நிக்குது. அடுத்த தாள் கிழிக்கப்பட்டிருக்கு" என்றார்.

"சின்னாயி கிழிச்சிருப்பாளோ?"

"சின்னாயிக்குப் படிக்கத் தெரியுமா?"

அவள் சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பதை ராசுவே பார்த்திருக்கிறான்.

"இந்த விமானம் எப்படி யாரும் தொடாம நிக்கும், ராசு?"

ராசு இதற்குத்தான் காத்திருந்தான். "பெட்ரோல் தீர்ந்தா நிக்குங்க. நிஜ விமானம் மாதிரியே. ஒவ்வொரு தடவை கேசட்டிலேர்ந்து ஏத்தறப்பவும் டேங்க் நிறைஞ்சிருக்கும். பறக்கப் பறக்க இந்த முள் கீழே இறங்கும்."

"முழு டேங்க் எவ்வளவு நேரம் வரும்?"

ராசுவுக்குத் தெரியவில்லை. யாரும் அவ்வளவு நேரம் பறந்ததில்லை.

"பாத்துடலாம்" என்று வீரபாகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

கேசட் ஐந்து நிமிடம் கீச்சிட்டு ஏறியது. ராசு விமானத்தைக் கிளப்பினான். ஓடுபாதை முடிகிறவரை கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை. பக்கத்தில் வீரபாகு இரண்டு முறை ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பதே அவன் காதில் விழவில்லை. மேலே போய்ச் சமநிலைக்குக் கொண்டுவந்து, மயில்சாமி நோட்டில் குறித்திருந்த அதே வேகத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். விமானம் பச்சைத் தரைக்கு மேல் நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருந்தது.

"முழு வேகத்துல போயிருந்தா சீக்கிரம் தீர்ந்திருக்காதுங்களா?" என்றான்.

"அதையும் பாப்போம்."

இரண்டு மணி பத்து நிமிடம் கழித்து முள் அடியைத் தொட்டது. இஞ்சின் சத்தம் பட்டென்று நின்றது. விமானம் மூக்கைக் கவிழ்த்தது. சௌந்திரம் சொன்னது எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது. அடுத்து முழு வேகத்தில் வைத்துக் கையை எடுத்துப் பார்த்தார்கள். மூக்கு மேலேறி மேலேறி, பத்தாவது நிமிடத்தில் அது சுழன்று விழுந்தது.

"ஆக, மயில்சாமி வழக்கமான வேகத்துலதான் விட்டிருக்காரு" என்றார் வீரபாகு. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். நீதிமன்றச் சம்மன். ராசு கை நீட்டியபோது அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மின்சார ஆபீஸுக்குப் போய், வியாழக்கிழமை பகல்ல கரண்ட் போச்சான்னு கேட்டுட்டு வா. அப்படியே இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டுடு."

கரண்ட் போகவில்லை. காலையிலிருந்து மாலை ஆறு மணிவரை ஒரு நொடிகூட.

மாலையில் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சண்முகவேல் பொறுமையில்லாமல் நின்றார். கருப்பண்ணன் தங்கைக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் கை அவள் தோளில் இருந்தது.

"அம்மா சொன்னது பிரமை இல்லீங்க, இன்ஸ்பெக்டர்" என்று தொடங்கினார் வீரபாகு. "அவங்க பாத்தது பெட்ரோல் தீர்ந்ததை. அஞ்சு மணிச் சங்கு ஊதி அஞ்சு நிமிஷத்துக்குள்ள அது நடந்தது. டேங்க் ரெண்டு மணி பத்து நிமிஷம் தாங்கும். அப்ப விமானம் தரையை விட்டு எழும்பினது எப்ப?"

சண்முகவேல் மனக்கணக்குப் போட்டார். "ரெண்டு அம்பத்தஞ்சு."

"மூணே முக்கால் இல்லை."

கருப்பண்ணன் அசையவில்லை. "நேரத்தை நான் மாத்திச் சொல்லியிருப்பனுங்க. கடியாரம் பாக்கல."

"உங்க கார் போன நேரத்தைக் கரும்பு வெட்டினவங்க சொல்லியிருக்காங்க. அது சரியாத்தான் இருக்கு. நீங்க கிளம்பறப்ப விமானம் எழும்பலைங்க. அம்பது நிமிஷமாப் பறந்துட்டிருந்தது. அந்த விளையாட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாததால, அது அப்பத்தான் கிளம்பிச்சுன்னு சொன்னா யாருக்குத் தெரியப்போவுதுன்னு நினைச்சீங்க. நோட்டுல எழும்பின நேரம் ரெண்டு அம்பத்தஞ்சுன்னு அவர் கைப்பட எழுதியிருந்தது. அந்தத் தாள் இருந்தா உங்க பேச்சு நிக்காது. அதனால கிழிச்சீங்க. சின்னாயிக்கு அந்தத் தாள்ல என்ன இருக்குன்னே தெரியாது."

"அவ நாலு மணிக்கு மாடிக்குப் போனாளே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போனா. ஆனா மயில்சாமி உயிரோட இருந்திருந்தா நாலு மணிக்குள்ள விமானத்தை இறக்கியிருப்பாரு. இருநூத்துச் சொச்சம் தடவையில ஒரு தடவைகூட அவர் ஒரு மணி நேரத்தைத் தாண்டினதில்லை. நாலு மணிக்கு அது பறந்துட்டிருந்ததுன்னா, ஓட்ட ஆள் இல்லைன்னு அர்த்தம். மூணே முக்காலுக்கும் நாலு மணிக்கும் நடுவுல யாரும் மேல வரலை. அதுக்கு முன்னாடி இந்த அறையில இருந்தது ஒரே ஒருத்தர். சின்னாயி விஷம் கலந்திருந்தா, அவர் துடிக்கறதைப் பாத்து அந்த ஒருத்தர் கத்திக் கூப்பிட்டிருப்பாரு."

சௌந்திரத்தின் தோளிலிருந்த கை மெல்ல விலகியது.

"மோர் ரெண்டரைக்கே வந்தாச்சு. விமானம் எழும்பற நேரத்துல ஓட்டறவரோட கண்ணு வேற எங்கயும் போவாது. ராசு ஓட்டறப்ப நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். டம்ளர்ல எதையாவது கலக்க அந்த ரெண்டு நிமிஷம் தாராளம். மேல போய்ச் சமநிலையாக்கிட்டு, மயில்சாமி நிம்மதியா எடுத்துக் குடிச்சிருக்காரு."

"எதுக்குங்க? அவரு என்ற தங்கச்சி புருசன்!" என்று கத்தினார் கருப்பண்ணன்.

வீரபாகு சட்டைப்பையிலிருந்து சம்மனை எடுத்து விரித்தார். பரமத்தி ரோட்டில் மாட்டு வண்டிமேல் லாரி ஏறி இரண்டு பேர் செத்த வழக்கு. லாரி கருப்பண்ணனுடையது. டிரைவர் சிறையில் இருந்தான். "அன்னிக்கி லாரியை ஓட்டினது டிரைவர் இல்லை, நீங்க. அதை மயில்சாமி பாத்திருக்காரு. கோர்ட்டுல சொல்றதா இருந்தாரு. சரிதானுங்களே?"

கருப்பண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். சுவரோடு சரிந்துவிட்டார்.

"நீயே போயி ஒத்துக்க மச்சான், நான் உன்ற கூட வாரேன்னாருங்க" என்றார் கடைசியில். "எத்தனையோ கெஞ்சிப் பாத்தேன். கேக்கல."

நேற்று இந்த மனிதர் தங்கையைக் கைத்தாங்கலாகப் படியேற்றி, இறக்கி, தண்ணீர் வாங்கிக் கொடுத்ததை ராசு பார்த்திருக்கிறான். இவர் இந்த அறையில், செத்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில், இஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

சௌந்திரம் அழவில்லை. அண்ணனின் முன்னால் போய் நின்றாள்.

"அவிய தண்ணி கேட்டாங்களா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"உன்னத்தான் கேக்கறேன். தண்ணி கேட்டாங்களா?"

"கேட்டாரு" என்றார் கருப்பண்ணன்.

அவள் அவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை. இன்ஸ்பெக்டர் கருப்பண்ணனைக் கைப்பிடித்து எழுப்பிக் கீழே கூட்டிப்போனார்.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் ராசுவின் பக்கம் திரும்பினாள்.

"சாமி, உன்ற ஸ்கூட்டரு இருக்குதா? சின்னாயியக் கூட்டியாரோணும். அஞ்சு நாளா லாக்கப்புல கெடக்கறா. நானே வாரேன்."

"அந்த ஜீப்லயே போயிருக்கலாமேம்மா" என்றான் ராசு, யோசிக்காமல்.

"அதுல நான் ஏற மாட்டேன்" என்று அவள் செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.

கீழே ராசு ஸ்கூட்டரை உதைத்தான். மூன்றாவது உதையில்தான் அது கிளம்பியது.