ஒரே எண்ணில் இருவர்

கேபிளிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் அந்த ஹார்டு டிஸ்க் திரையில் தெரிந்தது.

முகமது அஸ்வர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கம்ப்யூட்டர், கழற்றியது அதற்கு உறைக்க நேரமாகும் என்று நினைத்து, ஒரு துண்டை எடுத்து டிஸ்க்கைச் சுற்ற ஆரம்பித்தான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அதை வாங்கிப்போக ரஹீமா பீவி வருவார். “வேல செய்யாட்டி என்னப்பா, எம்புள்ள இதுக்குள்ளதானே இருந்தான். வீட்டுல வச்சுக்கிறேன்” என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவருடைய ஒரே மகன் ஜெகபர் அலி, கல்யாணமான வருஷமே கடலுக்குப் போய்த் திரும்பாதவன். உடலும் கரை ஒதுங்கவில்லை. போய் நிற்க ஒரு கபர்கூட இல்லை. நிக்காஹ் வீடியோ கேசட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது. அதை எடுத்து, பிறகு மூடிப்போன ஸ்டூடியோவின் எடிட்டிங் கம்ப்யூட்டரும், அதோடு இருந்த இந்த டிஸ்க்கும்தான் மிச்சம். இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிவந்து, கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் அஸ்வரிடம் இறக்கியிருந்தார்.

அது ஸ்கஸி வகை டிஸ்க். ஒரே பட்டைக் கேபிளில் வரிசையாகப் பல டிஸ்க்குகளை மாட்டலாம். ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் இருக்கிற குட்டி ஜம்பர் செருகியை மாற்றி, தனித்தனி எண் வைத்தாக வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு இருந்தால், கூப்பிடும்போது யார் பதில் சொல்வது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதெல்லாம் அஸ்வருக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. வீடியோவைக் காப்பி எடுக்கத் தன்னுடைய பழைய டிஸ்க் ஒன்றையும் அதே கேபிளில் மாட்டினான். பட்டியலில் ஒன்றுதான் வந்தது. தன்னுடையதுதான் என்று நினைத்து, காப்பிக்கு இடம் வேண்டி அழிக்கக் கொடுத்தான். இரண்டுக்கும் எண் இரண்டு. அழிந்தது ஜெகபரின் நிக்காஹ். அழிந்திருக்க வேண்டிய அஸ்வரின் நிக்காஹ் போட்டோக்கள் அப்படியே பத்திரமாக இருந்தன.

காலையில் ரஹீமா மாமி வந்து நின்றபோது அவன் வாயில் வந்தது பொய்தான்.

“உப்புக்காத்துல முன்னாடியே கெட்டுப்போயிருக்கு மாமி. ஒண்ணும் செய்ய முடியல.”

அவர் அழவில்லை. “நீ என்னப்பா செய்வ, ராப்பகலா பாத்தியே” என்று அவன் தலையைத் தொட்டார். பிறகு அவனுக்காகக் கையேந்தி துஆ கேட்டார். அந்தக் கை பட்ட இடம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. தெருவில் போகிற யார் முகத்தையும் பார்க்க முடியாமல்தான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கிடந்தான்.

திரையில் எண் இரண்டு இன்னும் இருந்தது.

கம்ப்யூட்டரை நிறுத்தி, தன் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு மறுபடி போட்டான். கறுப்புத் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பூஜ்யத்தில் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க். ஒன்றில் எதுவும் இல்லை. இரண்டில் எழுத்து நின்று, யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது போல வெகுநேரம் நின்று, பிறகு பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்க, ‘தயார்’ என்பதற்கான வெளிச்சம் மட்டும் வந்தது. ஷட்டருக்கடியில் வந்துகொண்டிருந்த வெயில் மங்கியிருந்தது. வற்றிய கடலின் சேற்று வாடையும், டீசல் வாடையும், பாசி அழுகிய வாடையும் ஒன்றாகக் கலந்து கடைக்குள் ஏறின. கடல் பக்கம்தான், ஆனால் காற்று அன்று அங்கிட்டிருந்து வரவில்லை.

குனிந்து மேசைக்கடியில் கேபிளைப் பார்த்தான். அதன் முனை அந்தரத்தில் தொங்கியது. மெல்ல ஆடியது.

பின்னால் ஒரு சத்தம். டிக். டிக். பிறகு சுழல்கிற இரைச்சல்.

துண்டுக்குள் இருந்த டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கரண்ட் இல்லை. தொட்டான். சில்லென்று இருந்தது. துண்டு நனைந்திருந்தது. மூச்சு விடுவதற்காக டிஸ்க்கின் மூடியில் விட்டிருக்கும் ஊசித்துளையிலிருந்து தண்ணீர் கசிந்தது. விரலை நாக்கில் வைத்தான்.

உப்பு.

அவன் எதையும் அமுக்கவில்லை. திரையில் படம் தானாக விரிந்தது. பந்தல். டியூப் லைட். சிரிக்கிற பெண்கள். இளவயசு ரஹீமா பீவி. நடுவில் நாற்காலியில் மாப்பிள்ளை, முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்க.

பூவிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது.

“அஸ்வரு, இருக்கியாப்பா?” என்று உள்ளே வந்த மாமி திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். தலையைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியின் முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். “கெட்டுப்போச்சுன்னியே.”

அதில் குற்றச்சாட்டு இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. சொல்லிவிட வேண்டும். இப்போதே. நான்தான் அழிச்சேன் மாமி, இது ஒங்க புள்ள இல்ல, பாக்காதீங்க.

படத்தில் இளவயசு ரஹீமா பீவி கையை நீட்டிப் பூச்சரத்தை விலக்கினார்.

உள்ளே இருந்தது அஸ்வரின் முகம்.

“ஜெகபரு” என்றார் மாமி.

அஸ்வர் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது.

“ம்மா” என்றது அவன் வாய். அவன் குரல் இல்லை.

மாமி திரும்பினார். திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். அவன் சட்டைக்கை கனத்தது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் விழுந்தது. காதுக்குள் அலை.

“தலையத் துவட்டாம நிக்கிறியே” என்று பக்கத்தில் வந்தார். துப்பட்டியால் அவன் தலையை மூடி மெதுவாகத் துவட்டினார். மணல் உதிர்ந்தது. துணியில் பாசி ஒட்டியது. அவர் கை நிற்கவில்லை.

நகர முடியவில்லை. துணிக்கடியில் இருந்த இடைவெளியில் திரை மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் அஸ்வர். காய்ந்த தலை. காய்ந்த சட்டை. அவன் இந்தப் பக்கம் பார்த்தபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தான். நான்தான் அழிச்சேன். நான்தான் அழிச்சேன்.

சத்தம் வரவில்லை. சுற்றிலும் பெண்கள் சிரித்துக்கொண்டே அவன்மேல் பூப் போட்டார்கள்.