கம்பத்தடியில் மின்மினி

"ஐயோ... ஓடி வாங்க! ஆளு செத்துட்டான்!"

விடிந்தும் விடியாத நேரத்தில் நாற்சந்தியே அலறியது.

அலறியவர் தலைமை இன்ஜினீயர். சிக்னல் கம்பத்தடியில் மல்லாந்து கிடந்தவர் ஒயர்மேன். இருட்டு எங்கே இருந்தாலும் அங்கே ஆஜராகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மின்மினி'. உள்ளங்கை கருகியிருந்தது. பக்கத்திலேயே கம்பத்திலிருந்து உருவிய ஒயர்!

வெயில் ஏறியபோது போலீஸ் வந்தது. நாலு பக்கமும் வண்டிகள் தேங்கி நின்றன. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

அந்தச் சந்திப்பில் பழைய சிக்னலை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டும் வேலை. பொறுப்பு ஓர் இளம்பெண் இன்ஜினீயர். மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே...!"

அழக்கூட அவளை விடவில்லை தலைமை இன்ஜினீயர். கையில் பெரிய கட்டு.

"சார், எல்லாம் இவளாலதான்! மெயினை அணைக்காம அவனை வேலை செய்ய விட்டிருக்கா. காப்பாத்தலாம்னு ஒயரைப் பிடுங்கினேன்... என்னையே தூக்கி அடிச்சிடுச்சு! கையைப் பாருங்க! அப்புறம்தான் மெயினை அணைச்சேன்."

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார்.

"கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. சின்ன தண்டனையோட போயிடும்."

"போட மாட்டேன்."

"என்னது?"

"செய்யாத தப்புக்கு ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன் சார்."

"திமிரைப் பாருங்க சார்!" குதித்தார் தலைமை. "ஏய்... வேலையும் போகும், ஜெயிலுக்கும் போவே!"

"போனா போகட்டும்! நாளைக்கு நான் அண்ணி முகத்துல முழிக்கணும்."

விறுவிறுவென்று நடந்தாள். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து மெயினைப் போட்டாள். கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

கரண்ட் வந்துவிட்டது!

தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டாள். ஒயரை நோக்கிக் குனிந்தாள்.

"அம்மாடி... தொடாதே!" இன்ஸ்பெக்டர் கத்தினார். கூட்டம் கத்தியது.

தலைமை இன்ஜினீயர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தொல்லை விட்டது என்று நினைத்தாரோ என்னவோ!

பிடித்தாள்... இறுக்கிப் பிடித்தாள்!

ஒன்றும் ஆகவில்லை.

"புது விளக்கு சார். கார் பேட்டரி அளவுக்குத்தான் இதுல கரண்ட் ஓடுது. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

"பொய்! இந்தக் கம்பத்தை இன்னைக்குத்தானே மாத்தணும்?" தலைமையின் குரல் கிரீச்சிட்டது.

"ஆமா. ஆனா நேத்தே மாத்திட்டோம். பழைய கூட்டுக்குள்ளேயே புது விளக்கு. வெளியே பார்த்தா வித்தியாசம் தெரியாது. 'காலையில விசாரணைக்குப் போகணும் தங்கச்சி, வேலையை முன்னாடியே முடிச்சிடலாம்'னு அண்ணன்தான் சொன்னாரு."

"என்ன விசாரணை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன மாசம் இங்கே பஸ் மோதி ஆளுங்க செத்தாங்களே... எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல பச்சை விழுது, சிக்னலை நிறுத்துங்கன்னு அண்ணன் இவர்கிட்ட கெஞ்சினாரு. இவரு காதுலயே போட்டுக்கலை. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறதா இருந்தாரு."

இன்ஸ்பெக்டரின் பார்வை அந்தக் கட்டின் மேல் விழுந்தது.

"ஷாக்கே அடிக்காத ஒயர் உங்களை எப்படி சார் தூக்கி அடிச்சது?"

தலைமை இன்ஜினீயர் எடுத்தார் ஓட்டம்!

அந்த நெரிசலில் எங்கே ஓடுவது? ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டார். அங்கேயே உளறினார்.

"ஸ்டோர் ரூம்ல வச்சு... லைவ் ஒயரை அவன் மேல வச்சேன்... என் கையையும் சுட்டுடுச்சு. அப்புறம் இங்கே கொண்டுவந்து..."

அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிக்னலை ஓட விட்டாள். தேங்கிய வண்டிகள் நகர்ந்தன.

குற்றவாளியை ஏற்றிய போலீஸ் ஜீப் சிவப்பு விளக்கைக் கண்டுகொள்ளாமல் உறுமியது. அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"யாரா இருந்தாலும் சிவப்புன்னா நிக்கணும்!"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "சைரன் போடட்டுமா சார்?"

இன்ஸ்பெக்டர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குய்யா? சாருக்கு இனிமே என்ன அவசரம்!"