அட்மினிஸ்ட்ரேட்டர் ராஜமாணிக்கம்

காலை ஆறரைக்கு ராஜமதி ஷட்டரைத் தூக்கியபோது, உள்ளே முதல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போயிருந்தாள்.

செங்கம் ரோட்டில் அவளும் ராஜமாணிக்கமும் கூட்டாக 2004இல் தொடங்கிய பிரவுசிங் சென்டர் அது. கம்ப்யூட்டர் துவங்கியதும் வைரஸ் சோதனை, நேரக் கணக்கு எல்லாம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு தானாக ஓடும். அந்த உரிமைக்கான பாஸ்வேர்டை மட்டும் அவர் அவளிடம் சொன்னதே இல்லை. "உனக்கு எதுக்கும்மா அது? டோக்கன் குடு, போதும்" என்பார். போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வேலூரிலிருந்து வந்த அவள் தம்பி ஜினேஷ்தான் பாஸ்வேர்டு பூட்டை உடைத்து, அவர் கணக்கை அழித்து, அவள் பெயரை அட்மினிஸ்ட்ரேட்டராகப் போட்டுக் கொடுத்தான்.

துவக்க வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். பெயரில்லாத ஒரு வேலை கூடுதலாக இருந்தது. ஓட்டியவர்: ராஜமாணிக்கம். ராஜமதியின் உரிமையைப் பறிப்பதைத் தவிர அது வேறெதுவும் செய்யவில்லை. மூன்றாவது நாளாக இப்படி. சூடேறிய தூசியின் வாடையும், மின்விசிறியின் முனகலும், அவற்றுக்கு அடியில் மெல்லிதாக அவருடைய மூக்குப்பொடி நெடியும் அந்தச் சின்ன அறையை நிறைத்திருந்தன.

ஜினேஷுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கடைய மூடிட்டு வந்துடு. ஆள் செத்து முப்பது நாள்கூட ஆவல."

"அவர் இருந்தப்பவே நான் பயப்படல. இப்ப எதுக்குடா பயப்படணும்?"

நெட் ஒயரைப் பிடுங்கினாள். சிடியைப் போட்டு, ஹார்ட் டிஸ்கில் இருந்த அனைத்தையும் அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். ஒன்றரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லித் திரை கேட்டது.

அவள் விரல் தொடுவதற்குள் கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று.

கீபோர்டைப் பார்த்தாள். ஒரு விசை தானாக அமுங்கி எழுந்தது. அடுத்தது அமுங்கியது.

இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் பதித்து அழுத்தினாள்.

"இனிமே இது என் கடை. போங்க."

விசைகள் நின்றன. நெடி நெருங்கியது. காதோரம். புறங்கைகளின்மேல் குளிர்ந்த பாரம் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

"போங்கன்னு சொன்னேன்."

அவள் தோலில் பள்ளங்கள் விழுந்தன. வலக்கையில் ஐந்து. இடக்கையில் ஐந்து. யாருமில்லாத விரல்களின் அடியில் அவளுடைய ஆட்காட்டி விரல் வெளுத்து, மெல்ல ஒரு விசையை நோக்கிக் கீழே வளைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மேலே நெம்பினாள்.