கோயில் பொங்கல் கணக்கில் வராது

பதின்மூன்று மணி நேரம் இருபது நிமிடமாக... தன் நாய் ஜரிகை ஒரு பருக்கைகூடத் தொடவில்லை என்று சிவபாலன் சொன்னான். ஷாரோன் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுழற்றி எடுத்த ரத்தத்தின் மேலே, தெளிவாக நிற்க வேண்டிய நீர் பால்போல வெளுத்திருந்தது.

“சாப்பிட்டிருக்குது.” குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எங்க வீட்ல பொய் சொல்ற பழக்கம் இல்லைங்க.”

“நான் சொல்லல... நாயோட ரத்தம் சொல்லுது.”

செவிலிமேட்டின் அந்தச் சிறிய கால்நடை ஆய்வகத்துக்கு வெளியே மழை கொட்டியது. சிவபாலன் முறைத்தான். தறியில் ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற கண்கள்... அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாளைக்கு மதியம் வயித்துக் கட்டிக்கு ஆபரேஷன். வர்ற நம்பரைப் போட்டுக் குடுங்க.”

“மாட்டேன். ரத்தத்துல கொழுப்பு மிதந்தா மெஷின் தப்பாப் படிக்கும். ஈரல் கெட்டுப்போச்சுன்னு காட்டும். டாக்டர் ஆபரேஷனே வேணாம்னுடுவாரு. பரவாயில்லையா?”

இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

“வேற லேபே இல்லியா ஊர்ல?”

“போங்க... ரத்தம் இதேதான்.”

போனான். ஜரிகை மட்டும் வாசலில் நின்று, உதட்டை நக்கியபடி திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை நனைந்த தலையோடு வந்து நின்றான்.

“எங்கம்மாதாங்க... நேத்து விடிகாலைல காமாட்சியம்மன் கோயில் பொங்கல், நெய் சொட்டச் சொட்ட. கேட்டா, ‘சோறா போட்டேன்? பிரசாதம்டா! விரதத்துக்கே அது கணக்குல வராது’ன்றாங்க.”

ஷாரோன் சிரித்துவிட்டாள். இன்று புதிதாக எடுத்த ரத்தத்தில் நீர் தெளிந்திருந்தது. ஈரலில் ஒரு குறையும் இல்லை.

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

“திருப்புட்குழி.”

“அங்க எந்தத் தெரு?”

அவள் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்...

ஆபரேஷனில் கட்டி போயிற்று. அடுத்த இரண்டு வாரத்தில் அவன் நான்கு முறை வந்தான். ஒருமுறை நாயே இல்லாமல்.

“ஜரிகை எங்க?”

“அட... மறந்துட்டேன்.”

ஐந்தாம் முறை அம்மா புவனேஸ்வரியும் கூட வந்தாள்.

“இன்னிக்குப் பிரசாதம்கூடக் குடுக்கலம்மா. அந்தக் காமாட்சி மேல ஆணை!” என்றவள், மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஷாரோனை மேலும் கீழும் பார்த்தாள். “திருப்புட்குழின்னான். எந்தத் தெரும்மா?”

“அம்மா... விடும்மா,” என்றான் சிவபாலன்.

இதே கேள்வி. கல்லூரியில், பஸ்ஸில், வாடகைக்கு வீடு கேட்ட இடத்தில்... எத்தனை முறை மேசை துடைத்திருப்பாள்! ஒரு பிடி பொங்கலை மறைத்ததற்கு இவனைத் திருப்பி அனுப்பியவள், இப்போது தானே மறைப்பதா?

துணியைக் கீழே வைத்தாள். தலை நிமிர்ந்தாள்.

“தெரு இல்லம்மா, காலனி. உங்க பையனை எனக்குப் பிடிச்சிருக்குது. ரெண்டையும் கணக்குல சேத்துக்கங்க.”